அக்கா சம்மதித்தால்

தமிழில் ‘ஆல்’ என்று இரண்டு எழுத்து இருக்கிறது. தனியாக நின்றால் அது ஒரு மரம். வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டால் ஒரு நிபந்தனை. ‘மழை பெய்தால்’, ‘சம்பளம் கூடினால்’, ‘மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொண்டால்’ என்று நம் வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை ‘ஆல்’கள் முளைக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். பாதி வாழ்க்கையை நாம் அந்த மரத்தின் நிழலில்தான் உட்கார்ந்து கழிக்கிறோம்.

ஆனாலும் ‘ஆல்’ போட்டுப் பேசுகிறவனை நாம் அவ்வளவாக நம்புவதில்லை. ஆசாமி தட்டிக் கழிக்கிறான் என்கிறோம். ‘முடியும், முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லுமேன்’ என்று கேட்பதுதான் ஆண்மை என்று எண்ணிக்கொள்கிறோம். நானும் இருபத்திரண்டு வயது வரையில் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணம் மாறியது, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே நான் செய்த ஒரு பாசஞ்சர் வண்டிப் பிரயாணத்தினாலும், அதன் முடிவில் நான் சொன்ன ஒரு பொய்யினாலுமே.

அறுபது ஆண்டுகளுக்கு முந்திய சங்கதி. விழுப்புரம் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் ஓர் ஊர். அது தனி மாவட்டத்தின் தலைநகராகும் பெருமை 1993-இல்தான் வந்தது. ஆனால் ரயில்வே வரைபடத்தில் அதற்கு முன்பே அது பெரிய புள்ளி. சென்னைக்கு ஒரு பாதை, திருச்சிக்கு ஒன்று, கடலூர் வழியாக மாயவரத்துக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று. ஐந்து திசைக்கும் கை நீட்டிக்கொண்டு நிற்கும் ஜங்ஷன். என் தகப்பனார் அங்கே ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்விகம் திண்டிவனம். அங்கே தாத்தா கட்டிய ஓட்டு வீடு ஒன்று இருந்தது. பத்திரம் அப்பாவின் பெயரில். வாசம் செய்தது அப்பாவின் அக்காள், என்னுடைய அத்தை. பதினேழு வயதில் கணவனை இழந்து பிறந்தகம் திரும்பியவள். “அவள் இருக்கிற வரைக்கும் அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்” என்று தாத்தா சாகும்போது சொன்னாராம். எழுதி வைக்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை.

தங்கையின் கல்யாணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கடனும் இருந்தது. விழுப்புரத்தில் மணிலாக்கொட்டை வியாபாரி ஒருவர் திண்டிவனத்தில் கிடங்கு வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். 6,000 ரூபாய்க்குப் பேசி முடித்து, 500 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, கிரய ஒப்பந்தம் எழுதினார்கள். பத்திர எழுத்தர் வீட்டுத் திண்ணையில் நானும் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பா பேனாவைக் கீழே வைக்காமல் சொன்னார்: “ஐயா, ஒரு விஷயம். அக்கா சம்மதித்தால்தான் இது. அவள் லைன் கிளியர் கொடுக்காமல் வண்டி புறப்படாது. அது வரைக்கும் இந்தக் காகிதம் உங்களிடம் சும்மா இருக்கட்டும்.”

அந்தக் காலத்து ஒற்றைப் பாதைகளில் ரயில் விடுகிற முறை தெரிந்தவர்களுக்கு அப்பாவின் பேச்சு விளங்கும். எஞ்சினில் நீராவி முட்டிக்கொண்டிருக்கும். பிரயாணிகள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அடுத்த ஸ்டேஷன்காரர் ‘பாதை காலி’ என்று சொல்லி, அதற்கு அடையாளமான டோக்கன், பிரம்பு வளையத்தில் டிரைவரின் கைக்கு வந்து சேராத வரையில் வண்டி ஓர் அங்குலம் நகராது. டிரைவர் சோம்பேறி என்று அதற்கு அர்த்தமல்ல. எதிரே ஒரு வண்டி வரக்கூடும் என்பதுதான் அர்த்தம்.

“அதையும் பத்திரத்திலேயே எழுதிவிடலாமே” என்றார் எழுத்தர்.

“வேண்டாம். வீட்டுப் பெண்பிள்ளையைப் பத்திரத்தில் எதற்கு இழுக்க வேண்டும்? வாய்ச்சொல் போதும்” என்றார் அப்பா.

வியாபாரி தலையை ஆட்டினார். “ஆகட்டுங்க சாமி.” அவ்வளவுதான்.

மறுநாளே திண்டிவனம் போகவேண்டிய அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. “நீ போய் அக்காவிடம் பக்குவமாகக் கேட்டுக்கொண்டு வா” என்று என்னை அனுப்பினார். எனக்கும் அதில் ஒரு லாபம் இருந்தது என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடன் போக, கல்யாணம் போக, மிச்சத்தில் 800 ரூபாய் என்னுடைய முதல் நாவலை அச்சடிக்க என்று அப்பா வாக்களித்திருந்தார். கையெழுத்துப் பிரதியை அட்டை போட்டுக் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

ஏறத்தாழ 37 கிலோமீட்டர் தூரம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நின்று நின்று வண்டி திண்டிவனம் போய்ச் சேர்ந்தது. புளியமரக் காடாக இருந்ததனால் ஊருக்கு அந்தப் பெயர் என்பார்கள். அங்கே குடிகொண்டிருக்கும் சிவபெருமானுக்கும் திந்திரிணீசுவரர் என்றே பெயர். அத்தை முற்றத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கண்டு கொடுத்த ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர் வைத்திருப்பதே அந்த ஊரைக் குறிக்கத்தான். ஊர் முழுக்க அதே வாசனை.

“வாடா தம்பி. அப்பாவுக்கு என்ன காய்ச்சல்? கஷாயம் வைத்துக் கொடுத்தார்களா?” என்று ஆரம்பித்தவள், நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டைப் பற்றியே பேசத் தொடங்கிவிட்டாள். மேற்குத் தாழ்வாரத்தில் ஓடு உடைந்திருக்கிறது. கிணற்றுக் கயிறு மாற்றியாயிற்று. கொல்லையில் தென்னம்பிள்ளை ஒன்று வைத்திருக்கிறாள். காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். ஆனால் என்ன, எனக்குப் பிள்ளை பிறக்கும் போது இளநீருக்கு ஆகும். நான் கடலையை வாயில் போட்டுக்கொண்டே இருந்தேன். கேட்க வேண்டிய கேள்வி தொண்டையில் மாட்டிக்கொண்டது. சாயங்கால வண்டிக்கு நேரமாகிவிட்டது. வாசல் வரை வந்தவள், “ஓடு மாற்றுகிற விஷயத்தை அப்பாவிடம் சொல். இப்போது முடியுமோ, முடியாதோ, அது உங்கள் இஷ்டம்” என்றாள்.

திரும்பும்போது மயிலம் ஸ்டேஷனில், முருகனைத் தரிசித்துவிட்டு வந்த கும்பல் ஒன்று ஏறியது. வண்டி முழுவதும் விபூதி மணம். பக்திமான்கள் அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்துதான் நான் என் பொய்யைத் தயார் செய்தேன். வீட்டு வாசற்படி ஏறியதும் அப்பா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, “அக்கா என்ன சொன்னாள்?” என்று கேட்டார்.

“‘அது உங்கள் இஷ்டம்’ என்றாள்” என்றேன்.

கவனியுங்கள்: ஒரு சொல்கூட நான் கற்பனை செய்யவில்லை. அவள் சொன்ன சொற்களையே சொன்னேன். ஓட்டை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வீட்டை வைத்தேன். அச்சேறாத என் நாவலைவிட அதுதான் என்னுடைய முதல் கட்டுக்கதை.

பத்து நாள் கழித்து வியாபாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்டிவனத்துக்கு இடம் அளக்கப் போயிருந்தாராம். மடியிலிருந்து ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தார். “சாமி, உங்க அக்கா ‘எனக்கு ஒண்ணும் தெரியாதே’ன்னு சொல்றாங்க. நீங்க சொன்ன சங்கதி இன்னும் நடக்கலே. இந்தக் காகிதத்தை நீங்களே வச்சுக்குங்க. பணத்தை அப்புறம் கொடுத்தாப் போதும்.”

அப்பா என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்த்தார். அதற்குத் திட்டே தேவலை.

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்திவிட்டு, பல வருஷங்களுக்குப் பின் ஒரு வக்கீல் நண்பர் எனக்குக் கற்றுக் கொடுத்த சில விஷயங்களைச் சொல்கிறேன். அந்த வியாபாரி கையில் வைத்திருந்தது எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுத்தில் நிபந்தனை ஏதும் இல்லை. கையெழுத்து இருக்கிறது, முன்பணம் கைமாறியிருக்கிறது. எழுதின ஒப்பந்தத்தை வாய்ச்சாட்சியம் கொண்டு மாற்றவோ, கூட்டவோ, குறைக்கவோ முடியாது என்பது 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு. அவர் வழக்குப் போட்டிருக்கலாம்.

“போட்டிருந்தால் உங்கள் அப்பா கதி அதோகதி என்று நினைக்காதீர்கள்” என்றார் நண்பர். அந்தப் பிரிவுக்கே சில விலக்குகள் உண்டு. மூன்றாவது விலக்கு இதுதான்: ஒரு குறிப்பிட்ட காரியம் நடந்த பிறகே ஒப்பந்தக் கடமை எதுவும் பிறக்கும் என்று தனியாக வாய்மொழியில் பேசிக்கொண்டிருந்தால், அதை நிரூபிக்க இடமுண்டு. சட்டம் இயற்றியவர்கள் உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். இருவர் ஒப்பந்தம் எழுதுகிறார்கள். ஒரு சம்பவம் நடந்தால்தான் அது அமுலுக்கு வரும். காகிதம் ஒருவரிடம் இருக்கிறது. அவர் அதை வைத்து வழக்குப் போடுகிறார். எந்த நிலையில் அது அவர் கைக்குப் போயிற்று என்று மற்றவர் காட்டலாம். எங்கள் வீட்டுக் கதையை 1872-லேயே யாரோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் இந்த விலக்கு மட்டும் மூட்டை முடிச்சுடன் புது வீட்டிலும் குடியேறியிருக்கிறது.

இதற்கு மூலக்கதை ஒன்று இங்கிலாந்தில் 1856-இல் நடந்தது. ஒருவன் கண்டுபிடித்த இயந்திரத்தில் சிலர் பங்கு வாங்குவதாக இருந்தது. இரண்டு எஞ்சினீயர்கள் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லிவிட்டார், மற்றவர் அன்று அகப்படவில்லை. மறுபடி எல்லாரும் கூடுவது கஷ்டம் என்று காகிதத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு வைத்தார்கள். இரண்டாமவர் ஒத்துக்கொண்டால் அது ஒப்பந்தம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு வந்தது. எழுதின ஒப்பந்தத்தை இது மாற்றுகிறது என்பதல்ல, ஒப்பந்தமே இன்னும் உண்டாகவில்லை என்று காட்டுகிறது என்றார்கள் நீதிபதிகள். நுணுக்கமான வித்தியாசம். வாக்குத் தவறுவது வேறு. வாக்கு இன்னும் பிறக்காமலே இருப்பது வேறு. கருவில் இருக்கிற பிள்ளைக்குப் பெயர் யோசித்து வைக்கலாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாது.

ஒப்பந்தச் சட்டமும் அதே 1872-ஆம் வருஷத்துப் பிள்ளைதான். அதன் 31 முதல் 36 வரையுள்ள பிரிவுகள் முழுவதும் நம்முடைய ‘ஆல்’ தான். அந்த உதாரணங்களை ஒரு நாவலாசிரியன் படித்தால் பொறாமைப்படுவான். ‘உன் வீடு தீப்பற்றி எரிந்தால் உனக்குப் பத்தாயிரம் ரூபாய்’ என்று ஒருவன். ‘குறிப்பிட்ட கப்பல் திரும்பி வராவிட்டால் பணம்’ என்று மற்றொருவன், கப்பல் மூழ்கிப்போகிறது. ‘அந்தப் பெண்ணை நீ மணந்துகொண்டால் பணம் தருகிறேன்’ என்று வேறொருவன். அவளோ இன்னொருவனுக்கு மாலையிட்டுவிடுகிறாள். அந்தக் கணவன் செத்து அவள் மறுபடி இவனைக் கட்டிக்கொள்ளலாமே என்று வாதாடக்கூடாதாம். நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டு நேர்கோடுகள் சேர்ந்து ஓரிடத்தை அடைத்தால் ஆயிரம் ரூபாய் என்று ஒரு குறும்புக்காரன்கூட அதில் வருகிறான். அந்தப் பேச்சு செல்லாது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தில், ஒரு மணி நேரத்தில் நூறு மைல் நடந்தால் பண்ணையைக் குத்தகைக்கு விடுகிறேன் என்று ஒருவன் வருகிறான். அதுவும் செல்லாது.

சிரித்துக்கொண்டே படித்த எனக்கு, அதே 1882 சட்டத்தின் 26-ஆம் பிரிவு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. குறிப்பிட்ட மூவரின் சம்மதத்தோடு கல்யாணம் செய்துகொண்டால் ஒருவனுக்கு 5,000 ரூபாய். மூவரில் ஒருவர் இறந்துபோய், மற்ற இருவர் சம்மதத்தோடு அவன் மணம் செய்தால் போதும். நிபந்தனை ஏறக்குறைய நிறைவேறியதாகக் கொள்ளலாம். சட்டத்துக்கும் ஈரம் உண்டு. ஆனால் யாரையும் கேட்காமல் கல்யாணத்தை முடித்துவிட்டு, பிறகு போய் மூவரிடமும் சம்மதம் வாங்கினால்? செல்லாது. முன்னால் வரவேண்டியது பின்னால் வந்தால் அது வேறு பொருளாகிவிடுகிறது.

இன்னொரு கதையும் நண்பர் சொன்னார். 1964-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுதியில் வருகிற சுப்ரீம் கோர்ட் வழக்கு. டில்லியில் சர்க்கார் குத்தகை நிலத்தில் இருந்த ஒரு வீட்டை விற்பதாக ஓர் அம்மாள் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தாள். தலைமைக் கமிஷனரின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் போட வேண்டியவள் அவள். போட்டாள், பிறகு தானே திரும்ப வாங்கிக்கொண்டாள். ‘அனுமதி வரவில்லையே, நிபந்தனை நிறைவேறவில்லையே, நான் என்ன செய்ய?’ என்று வாதாடினாள். கோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை. நிபந்தனையை நிறைவேற்ற வேண்டிய பொறுப்பைத் தன் கையில் வைத்திருப்பவர், அதன் கழுத்தைத் தானே நெரித்துவிட்டு, ‘அது செத்துப்போயிற்று’ என்று ஒப்பாரி வைக்க முடியாது என்பது அதன் சாரம்.

நிபந்தனையைக் கொல்வது தப்பு என்றால், கள்ள நிபந்தனை செய்வது? டில்லி அம்மாள் வரக்கூடிய சம்மதத்தைத் தடுத்தாள். நான் வராத சம்மதத்தை வந்ததாகச் சொன்னேன். இருவரும் செய்தது ஒரே காரியம்தான். முடிவு செய்ய வேண்டிய மூன்றாம் மனிதரின் நாற்காலியில் நாங்களே ஏறி உட்கார்ந்துகொண்டோம்.

இனிக் கதைக்கு வருகிறேன். காய்ச்சல் விட்டதும் அப்பா என்னை அழைத்துக்கொண்டு திண்டிவனம் போனார். அத்தையிடம் நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்கும்படி எனக்கு உத்தரவு. கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் முறத்திலிருந்த கடலையைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “சரி, அன்றைக்குக் கேட்க வந்ததை இப்போது கேள்” என்றாள்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெருமனசுக்காரி, ‘கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே’ என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். கதைகளில் அப்படித்தானே முடியும்? “அத்தை, இந்த வீட்டை விற்றுவிட உனக்குச் சம்மதமா?” என்று கேட்டேன்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“இல்லைடா” என்றாள்.

அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வீட்டை விற்க முடியாமல் போன மனிதர் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. “கேட்டால் சரி என்பாள் என்று நினைத்தீர்களாக்கும்?” என்று அத்தை என்னைப் பார்த்துக் கேட்டாள். ஆம், அப்படித்தான் நினைத்திருந்தோம். அப்பா நினைத்தார், பத்திர எழுத்தர் நினைத்தார், நான் நினைத்தேன். நாற்பது வருஷமாக அந்த வீட்டில் அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்கப்படாத ஒருத்தியின் பதில் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. ‘இல்லை’ என்று சொல்ல இடமில்லாத சம்மதம் சம்மதமே அல்ல; அது சடங்கு. நடந்தே தீரும் என்று நிச்சயமாயிருப்பதை யாரும் நிபந்தனையாக வைப்பதில்லை.

இதனால் எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். தங்கையின் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. அந்த ஒரு வருஷத்தில் அவள் என்னுடன் பேசியது கொஞ்சம். அப்பா வியாபாரியின் 500 ரூபாயை ஐந்து தவணையில் திருப்பிக் கொடுத்தார். என் நாவல் அச்சேற ஏழு வருஷம் ஆயிற்று. அதற்குள் அதைத் திரும்பப் படித்துப் பார்த்து, பாதியைக் கிழித்துப் போட்டிருந்தேன். அத்தை இன்னும் பதினோரு வருஷம் அந்த வீட்டில் இருந்தாள். அவள் வைத்த தென்னை காய்த்தது.

கடைசித் தவணையைக் கொடுக்க நான்தான் வியாபாரியின் மண்டிக்குப் போனேன். ஒரு குடியானவர் கொண்டுவந்திருந்த மூட்டையிலிருந்து ஒரு காயை எடுத்து, காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்த காயானால் உள்ளே பருப்பு சலசலக்கும், ஈரக்காய் ஊமை. காய்ச்சல் சரியாக இருந்தால்தான் பேசின விலை. இல்லாவிட்டால் மூட்டை மறுபடி களத்துக்குப் போகும். பணத்தைக் கொடுத்துவிட்டு, வெகுநாளாக மனத்தில் இருந்ததைக் கேட்டேன்: “கையில் பத்திரம் இருந்ததே, ஏன் திருப்பிக் கொடுத்தீர்கள்?”

அவர் எதிரே தொங்கிய தராசைக் காட்டினார். இரண்டு தட்டும் காலியாக இருந்தன.

“சரக்கு வைக்கிறதுக்கு முந்தி தட்டு ரெண்டும் சமமா நிக்குதான்னு பாக்கணும் தம்பி. நிக்காத தராசிலே நிறுத்தா, எனக்கு லாபம் வந்தாலும் அது எடை இல்லே” என்றார். பிறகு ரூபாயை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த காயை எடுத்துக் காதருகில் ஆட்டினார்.